பரிசில் பெறாதவர்களின் ஆற்றுப்படை

ஆற்றுப்படையின் இலக்கணம் எளிது. வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞன், வறுமையோடு எதிர்ப்படும் இன்னொரு கலைஞனைக் கண்டு, இன்ன வழியில் போ, இன்ன இடத்தில் இன்னது உண்ணக் கிடைக்கும், இன்னதற்கு அஞ்சி நட என்று வழி சொல்வது. பெற்றவன்தான் பெறாதவனுக்கு வழி சொல்ல வேண்டும். அவ்விலக்கணப்படி இக்கட்டுரையை எழுத எங்களுக்குத் தகுதி இல்லை. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையை ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை ஒரே தொடராக நடந்து முடிப்பது என்று புறப்பட்ட நாங்கள் இருவரும், ஏறத்தாழ 2,190 மைல்களில் 470 மைல்களை மட்டும் நடந்து, வர்ஜீனியாவின் டமாஸ்கஸ் என்னும் சிற்றூரில் முன்பின் அறியாத ஒருவரின் காரில் ஏறித் திரும்பி வந்தவர்கள்.

ஆயினும் எழுதத் துணிகிறோம். இப்பாதையில் முழுநீள நடைக்குப் புறப்படுவோரில் ஏறத்தாழ நால்வருக்கு ஒருவரே முடிக்கிறார். அந்த ஒருவர் நூல் எழுதுகிறார், உரையாற்றுகிறார், புதியவர்களுக்கு அறிவுரை சொல்கிறார். முடித்தவரின் அறிவுரையில் ஒரு குறை உண்டு. தாம் செய்தவை யாவும் சரி என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. எந்தப் பிழை தம்மைத் தற்செயலாகத் தொடாமல் போயிற்று என்பதை அவர் அறியமாட்டார். மற்ற மூவர் அதை அறிவார்கள். ஆனால் அவர்கள் பெரும்பாலும் பேசுவதில்லை. அந்த மூவரின் பக்கத்திலிருந்து எழுதப்படுவது இது.

முதலில் பாதையைப் பற்றிச் சில சொற்கள். 14 மாநிலங்கள் வழியே செல்லும் இதன் தென்முனை ஜார்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலை; வடமுனை மெயினின் கட்டாடின் மலை. ஏற்றங்கள் அனைத்தையும் கூட்டினால் கடல்மட்டத்திலிருந்து எவரெஸ்டைப் பதினாறு முறை ஏறி இறங்குவதற்குச் சமம் என்பார்கள். மரங்களிலும் பாறைகளிலும் தீட்டப்பட்ட, இரண்டு அங்குல அகலமும் ஆறு அங்குல உயரமும் கொண்ட வெள்ளைப் பட்டைகளே வழிகாட்டி. பெண்டன் மெக்காய் என்பவர் 1921இல் கட்டடக் கலைஞர்களின் இதழொன்றில் இப்பாதைக்கான திட்டத்தை முன்வைத்தபோது, எவரேனும் இதை ஒரே மூச்சில் நடந்து கடக்க வேண்டும் என்று நினைத்து எழுதவில்லை. நகரத்து உழைப்பில் களைத்தவர்கள் சில நாள் வந்து மலைக்காற்றை உண்டு திரும்புவதற்கான இடமாகவே அவர் இதைக் கண்டார். பாதை 1937இல் முழுமை பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே, அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு அலைந்த மைரன் ஏவரி முழுப் பாதையையும் நடந்து முடித்திருந்தார். ஆனால் பகுதி பகுதியாக, பல ஆண்டுகளில். போரிலிருந்து திரும்பி, நெருங்கிய நண்பனை இழந்த துயரத்தோடு புறப்பட்ட ஏர்ல் ஷாஃபர் 1948இல் ஒரே தொடராக நடந்து முடித்தபோது, முதலில் பலர் நம்பவே இல்லை.

இவ்வரலாற்றைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முழுநீள நடை என்பது இப்பாதையின் விதி அன்று. பின்னால் வந்து சேர்ந்த ஒரு வழக்கம், அவ்வளவே. பாதையைப் பேணும் அமைப்பு, பன்னிரண்டு மாதங்களுக்குள் முடித்தவரையும் இருபது ஆண்டுகளில் துண்டு துண்டாக முடித்தவரையும் ஒரே பெயரால், '2,000 மைல் நடந்தவர்' என்றே குறிக்கிறது. முதன்முறை புறப்படும் எவரும் இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் முதல் கருத்து. தோற்றால் என்ன ஆகும் என்ற அச்சத்தோடு நடப்பவர், அந்த அச்சத்தாலேயே தோற்கிறார்.

இனிச் சுமை. புதியவர்கள் பேச விரும்புவது பொருள்களைப் பற்றியே. எந்தக் கூடாரம், எந்த அடுப்பு, எந்த உறங்குபை என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள். நாங்களும் ஆராய்ந்தோம். முடிவில் எங்கள் முதுகுப்பை ஒவ்வொன்றும் நாற்பது பவுண்டைத் தாண்டியது. அதில் மூன்று புத்தகங்கள். ஒன்று 600 பக்க நாவல். மலையுச்சியில் அமர்ந்து வாசிப்போம் என்ற கற்பனை. பாதை தொடங்கி முப்பத்தொரு மைலில் நீல் கேப் என்ற கணவாய் வருகிறது. அங்கே ஒரு பழைய கல் கட்டடத்தின் ஊடாகவே பாதை செல்கிறது. அதில் நடைப்பொருள் விற்கும் கடை இருக்கிறது. நான்காம் நாள் அங்கே வந்து சேரும் புதியவர்கள் தங்கள் பையைத் தரையில் கொட்டி, எது வேண்டும், எது வேண்டாம் என்று பிரித்து, வேண்டாததை வீட்டுக்கு அனுப்புவது அங்கே அன்றாடக் காட்சி. புத்தகங்கள் மூன்றையும் அனுப்பினோம். அறுநூறு பக்கங்களில் ஒன்பது பக்கம் வாசித்திருந்தோம். பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது அனுபவத்தில் விளைந்த கணக்கு, குறைந்தால் நல்லது. நாம் சுமப்பதில் பெரும்பகுதி பொருளன்று, அச்சம்: பசிக்குமோ, குளிருமோ, சலிக்குமோ என்ற அச்சம். பசிக்கும் குளிருக்கும் சிறிது சுமக்கலாம். சலிப்புக்குச் சுமந்து பயனில்லை.

குளிரைப் பற்றி மட்டும் எள்ளலின்றிச் சொல்ல வேண்டும். ஜார்ஜியா தெற்கே இருக்கிறது, ஏப்ரல் வசந்தம் என்று எண்ணி ஏமாறுபவர் பலர். கிரேட் ஸ்மோக்கி மலைகளில் ஏப்ரலிலும் பனி பொழியும். பாதையின் மிக உயர்ந்த இடம், 2024இல் குவோஹி என்ற தன் செரோக்கிப் பெயரை மீண்டும் பெற்ற, முன்பு கிளிங்மன்ஸ் டோம் எனப்பட்ட சிகரம், அங்கேதான் 6,643 அடியில் இருக்கிறது. உறைநிலைக்கு மேலான வெப்பத்திலும், மழையும் காற்றும் சேர்ந்தால் உடற்சூடு குறைந்து உயிர் போகக்கூடும். பருத்தி நம் ஊர் வெயிலுக்கு வாய்த்த வரம். ஈர மலையில் அதுவே எமன். நனைந்த பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது செயற்கை இழை ஆடையே வேண்டும். உறங்குவதற்கென ஓர் உலர்ந்த உடுப்பை நீர்புகாப் பையில் காத்து, என்ன நேர்ந்தாலும் அதை அணிந்து நடக்கக் கூடாது. வடக்கே நியூ ஹாம்ப்ஷயரில் பாதை கடக்கும் வாஷிங்டன் மலையில் 1934இல் மணிக்கு 231 மைல் வேகத்தில் காற்று வீசியதாகப் பதிவாகியிருக்கிறது. இயற்கையை அன்னை என்று அழைத்துப் பழகியவர்கள் இதையும் நினைவில் கொள்ளட்டும். கட்டாடின் மீது 1846இல் ஏறிய தோரோ, மேகத்தால் உச்சியை அடையாமலே திரும்பினார். மனிதனை ஒரு பொருட்டாக எண்ணாத பேரிருப்பை அங்கே கண்டு அவர் திகைத்ததை 'மெயின் காடுகள்' நூலில் காணலாம்.

கால்களைப் பற்றிச் சொல்வது எங்களுக்கு எளிதன்று. நாங்கள் இழந்தது அங்கேதான். முதல் இரண்டு வாரம் நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மைல் போதும் என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. நாங்களும் அதை வாசித்திருந்தோம். ஆனால் ஸ்மோக்கி மலைகளில் இருபது வயது இளைஞர் கூட்டமொன்றோடு நட்பாயிற்று. அவர்கள் பதினெட்டு மைல் நடந்தார்கள், நாங்களும் நடந்தோம். மூச்சுக்கும் தசைக்கும் சில வாரங்களில் பழகிவிடும். எலும்புக்கும் தசைநாருக்கும் மாதங்கள் ஆகும். நெஞ்சு போகலாம் என்கிறது, கால் பொறு என்கிறது. நாம் நெஞ்சின் பேச்சையே கேட்கிறோம். டென்னசியின் எர்வின் அருகே எங்களில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே, எலும்பின் முன்புறத்தில் ஒரு வலி தொடங்கியது. ஒன்பது நாள் அதை மற்றவரிடம் சொல்லவில்லை. டமாஸ்கஸை அடைந்த மாலையில் படிக்கட்டில் இறங்க முடியவில்லை. எலும்பில் மயிரிழை விரிசல், ஆறு வாரம் நடக்கக் கூடாது என்றார் மருத்துவர். முதல் நாளே சொல்லி மூன்று நாள் ஓய்ந்திருந்தால் ஒருவேளை மெயின் வரை சென்றிருக்கலாம். உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒன்பது நாள் மௌனத்துக்கு வீரம் என்று பெயர் வைத்திருந்தோம் என்பது மட்டும் உறுதி.

இதில் மறைந்திருந்த இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுவதே நேர்மை. மற்றவருக்குக் காலில் ஒன்றுமில்லை. அவர் தொடர்ந்து நடந்திருக்கலாம். நண்பருக்காக நின்றதாகவே எல்லாரிடமும் சொன்னார். உண்மையில் மருத்துவரின் சொல்லைக் கேட்டபோது அவர் நெஞ்சில் முதலில் எழுந்தது ஆறுதல். அதை ஒப்புக்கொள்ள எங்களுக்கு ஓராண்டு ஆயிற்று. அந்த ஓராண்டும் எங்கள் நட்பு சற்றே நொண்டியது. ஆகவே இருவராகப் புறப்படுவோர் கூடாரத்தைப் பற்றிப் பேசும் முன் இதைப் பேசிக்கொள்ளுங்கள்: ஒருவர் நிற்க நேர்ந்தால் மற்றவர் என்ன செய்வார்? எந்த விடையும் சரியே. பேசாதிருப்பது மட்டும் சரியன்று.

ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவேனும் பெரிதாக இருக்கட்டும். நடக்க நடக்கப் பாதம் வீங்கி நீளும். ஒரு சோடி சுமார் 500 மைல் உழைக்கும். எனவே முழுப் பாதைக்கு நான்கைந்து சோடி வேண்டும். அனைத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடக் கூடாது. நூறாவது மைலில் இருந்த பாதம் ஆயிரமாவது மைலில் இருக்காது. உணவுக்கும் அதே விதி. நாளொன்றுக்கு 4,000 கலோரிக்கு மேல் எரியும் உடம்புக்கு எதைத் தின்றாலும் போதாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏதேனும் சாலை குறுக்கிடும். ஊருக்குள் சென்று வாங்கிக்கொள்ளலாம். ஆறு மாத உணவையும் வீட்டிலிருந்து பெட்டி பெட்டியாக அஞ்சலில் வரவழைப்பவர், இரண்டாம் மாதமே அந்த உணவை வெறுக்கத் தொடங்குவார். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்குச் சில ஊர்களில் தட்டுப்பாடு உண்டு. அவர்கள் பருப்புப் பொடியும் உலர்த்திய காய்கறியும் சில இடங்களுக்கு மட்டும் அனுப்பிவைக்கச் சொல்லலாம். மெயினில், மான்சன் ஊரைத் தாண்டியதும் தொடங்கும் நூறு மைல் காட்டின் வாயிலில், பத்து நாள் உணவின்றி நுழையாதே என்று பலகை எச்சரிக்கிறது. அதை மதியுங்கள்.

கரடியை எல்லாரும் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியது கசகசா அளவுள்ள உண்ணியை. லைம் நோயைப் பரப்பும் இளம் உண்ணி அத்துணைச் சிறியது. நடு மாநிலங்களிலும் வடகிழக்கிலும் ஒவ்வொரு மாலையும் உடம்பைச் சோதித்தாக வேண்டும். ஒட்டி ஒரு நாளாவதற்குள் சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேரே இழுத்து எடுத்துவிட்டால் நோய் தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு. கரடியைப் பொறுத்தவரை உணவை உங்களோடு கூடாரத்தில் வைக்காதிருப்பதே உங்களுக்கும் கரடிக்கும் நல்லது. அதற்கென உள்ள கெட்டியான புட்டியைச் சுமப்பது தொல்லைதான். ஆனால் மனித உணவுக்குப் பழகிய கரடி பெரும்பாலும் சுட்டுக் கொல்லப்படுகிறது என்பதை எண்ணினால் அந்தத் தொல்லை பெரிதன்று. வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ கிருமி, கைக்குத் தடவும் சாராயக் களிம்புக்கு எளிதில் அடங்காது. சோப்பும் நீரும் வேண்டும். நீரோடையிலிருந்து இருநூறு அடி விலகி, ஆறு முதல் எட்டு அங்குலக் குழி தோண்டி, மலத்தை மூட வேண்டும். இலக்கிய ஏட்டில் இதை எழுதலாமா என்று கேட்பவர்கள், மழைக்கொட்டகையில் எட்டுப் பேர் ஒரே இரவில் நோயுற்றதைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

இயற்கை உபாதைக்காகப் பாதையை விட்டு விலகும்போது கவனம் வேண்டும். 2013இல் மெயின் காட்டில் அவ்வாறு விலகிய ஒரு பெண் மீண்டும் பாதையைக் காண முடியாமல் போனார். அவர் கைபேசியிலிருந்து அனுப்பிய செய்திகள் அலைவரிசையின்றிப் போய்ச்சேரவில்லை. வாரக்கணக்கில் உயிரோடு காத்திருந்து இறந்த அவருடைய உடல் 2015இல்தான் கிடைத்தது. முதுகுப்பையைப் பாதையோரத்தில் கண்ணில் படும்படி வைத்துவிட்டுப் போவது, திரும்பும் திசையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொள்வது, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியொன்றை உடம்போடு வைத்துக்கொள்வது ஆகிய மூன்றும் எவருக்கும் கடினமல்ல.

உடம்பைப் பற்றிய அறிவுரைகள் எங்கும் கிடைக்கும். மனத்தைப் பற்றி எவரும் உண்மை சொல்வதில்லை என்பது எங்கள் குறை. நடைநூல்கள் தரும் படிமம், சிகரத்தில் கை விரித்து நிற்கும் மனிதன். நடையின் உண்மையான படிமம், இலைகள் மூடிய பச்சைக் குகைக்குள் எந்தக் காட்சியும் இன்றி, முன்னே இருக்கும் ஆறடி மண்ணைப் பார்த்தபடி நாள் முழுதும் நகரும் மனிதன். பாதையில் கால் பங்கு, 550 மைலுக்கு மேல், வர்ஜீனியா ஒன்றிலேயே இருக்கிறது. அங்கே வாரக்கணக்கில் எதுவும் முடிவதில்லை, எதுவும் தொடங்குவதில்லை. பலர் அங்கே மனம் விட்டுவிடுகிறார்கள். தம்மைக் கண்டடையலாம் என்று வந்தவர்களுக்கு இச்சலிப்பு பெரிய ஏமாற்றம். காடு யாரையும் மாற்றுவதாக வாக்களிக்கவில்லை. நாம் கொண்டுசென்ற மனத்தையே, வேறு ஓசை இல்லாத இடத்தில், உரக்கக் கேட்க வைக்கிறது, அவ்வளவே. புறப்படும் முன் பயிற்சியாக மலையேறுவதோடு, கைபேசியின்றி ஒரு நாள் முழுதும் தனியே, மழையில், பார்க்க ஒன்றுமில்லாத சாலையில் நடந்து பாருங்கள். அது பிடித்திருந்தால் காடும் பிடிக்கும்.

பழனிக்கு நடந்து செல்வோரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அந்த நடையில் கூட்டம் உண்டு, பாட்டு உண்டு, வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் உண்டு; முடிவில் முருகன் காத்திருக்கிறான். இங்கே முடிவில் காத்திருப்பது ஒரு மரப்பலகை. ஆயினும் ஓர் ஒற்றுமையைக் கண்டு நெகிழ்ந்தோம். சாலைகள் குறுக்கிடும் இடங்களில், முன்பு நடந்தவர்களோ ஊர்க்காரர்களோ பழமும் குளிர்பானமும் வைத்துக்கொண்டு, பேர் ஊர் கேளாமல் தருகிறார்கள். 'பாதையின் மாயம்' என்று அதை அழைக்கிறார்கள். நமக்கு அது அன்னதானம். பெற்றுக்கொள்ளுங்கள். ஆனால் எதிர்பார்க்காதீர்கள். பெற்றதை எப்போதாவது ஒரு நாள் திருப்பித் தரும் எண்ணமும் இருக்கட்டும். 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் தெற்கத்திப் பாதையில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தபோது அவற்றை அறுத்து வழி திறந்ததில் தன்னார்வலர்களின் பங்கு பெரிது. வெள்ளைப் பட்டைகளும் யாரோ ஒருவர் விடுமுறை நாளில் வந்து தீட்டியவையே. ஒரு நாள் மண்வெட்டி பிடிப்பவருக்கு அந்தப் பாதை வேறு விதமாகத் தெரியும்.

இந்தியாவிலிருந்து செல்வோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. முழு நடைக்கு ஐந்து முதல் ஏழு மாதம் ஆகும். சுற்றுலா விசாவில் நுழைவோர்க்கு வழக்கமாக ஆறு மாதமே தங்க இசைவு கிடைக்கிறது. நீட்டிப்பு கேட்கலாம், அதை நம்பித் திட்டமிடலாகாது. வடக்கு நோக்கி நடப்போருக்குக் கட்டாடின் மலையில் அக்டோபர் நடுவோடு பருவம் முடிந்துவிடுகிறது என்பது இரண்டாம் கெடு. இடையில் ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் தொடங்கி வடக்கே மெயின் வரை நடந்து, பின் திரும்பி வந்து அங்கிருந்தே தெற்கே நடப்பது மூன்றாவது வழி. கூட்டமும் குறைவு, காலநிலையும் இதம். முதன்முறை செல்வோருக்கு எங்கள் பரிந்துரை இதுவே. செலவு மாதம் ஆயிரம் டாலருக்குக் குறையாது. ஊருக்குள் தங்கும் ஒவ்வோர் இரவும் அதைக் கூட்டும்.

கடைசியாக, நிறுத்துவதைப் பற்றி. எம்மா கேட்வுட் என்னும் ஒஹையோ மூதாட்டியின் கதையை அனைவரும் ஒரே விதமாகச் சொல்கிறார்கள். பதினொரு பிள்ளைகளைப் பெற்று, கணவரின் அடிகளைப் பல்லாண்டு தாங்கி மீண்ட அவர், 1955இல் தம் 67ஆம் வயதில், சாதாரணத் துணி ஷூவும் தாமே தைத்த ஒரு பையும் கொண்டு, முழுப் பாதையையும் தனியே நடந்து முடித்த முதல் பெண் ஆனார். இக்கதையின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் விடுபடுகிறது. 1954இல் அவர் மெயினிலிருந்து தொடங்கினார். வழி தவறினார், கண்ணாடி உடைந்தது, உணவு தீர்ந்தது. வனக்காவலர்கள் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். போனார். அடுத்த ஆண்டு, மறுமுனையிலிருந்து, மீண்டும் வந்தார். 1954இல் அவர் வீம்புக்காகத் தொடர்ந்திருந்தால் 1955 இருந்திருக்காது. எங்களுக்கு அவருடைய வெற்றியைவிட அந்தத் திரும்புதலே பெரிதாகத் தோன்றுகிறது.

ஆனால் நிறுத்துவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மழை நாளில், மேட்டின் நடுவில், பசியோடு இருக்கும்போது முடிவு எடுக்காதீர்கள். ஊருக்குள் போய்க் குளித்து, உண்டு, உறங்கி, வெயில் அடிக்கும் காலையில் எழுந்து, அப்போதும் வீடு திரும்பத் தோன்றினால் திரும்புங்கள். எங்கள் இருவரில் கால் நன்றாக இருந்தவர் இதைச் செய்யவில்லை. அன்று இரவே முடிவு செய்தார். அதுதான் இன்றும் உறுத்துகிறது, நடக்காமற்போன 1,720 மைல்கள் அல்ல.

மலைபடுகடாத்தில் கூத்தர்களுக்கு வழி சொல்பவன், நன்னனின் கொடையை மட்டும் பாடி நிறுத்திவிடுவதில்லை. பன்றிக்கு வைத்த பொறியைச் சொல்கிறான், வழுக்கும் பாறையைச் சொல்கிறான், தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லைச் சொல்கிறான், இரவில் நடக்காதே என்கிறான். பரிசிலைவிட வழியை அவன் நீளமாகப் பாடியிருப்பது இப்போதுதான் எங்களுக்கு விளங்குகிறது. பரிசில் எங்களுக்குக் கிட்டவில்லை. டமாஸ்கஸ் வரையிலான வழியைத் தெரிந்தமட்டும் சொல்லியிருக்கிறோம். அதற்கு அப்பால் உள்ளதை நீங்கள் போய் வந்து எங்களுக்குச் சொல்லுங்கள். வரும் ஆண்டுகளில் ஒரு வசந்தத்தில், விட்ட இடத்திலிருந்து, நாளுக்கு எட்டு மைல் வீதம், நாங்களும் மீண்டும் தொடங்குவதாக இருக்கிறோம்.